இருபத்துநான்கு வரை எண்ணியவர்

கீமோ அறையில் மொத்தம் பதினோரு நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலிகளுக்குத்தான் எப்போதும் அடிபிடி. காலை எட்டரைக்குக் கதவு திறந்ததும், நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறவர்கள்கூட அந்தப் பக்கம் பார்த்து ஒரு வேகம் காட்டுவார்கள். லிஃப்ட்காரர் மட்டும் ஒருநாளும் அந்தப் பந்தயத்தில் சேர்ந்ததில்லை. நேராகக் கடைசிக்குப் போய், சுவரை ஒட்டிக் கிடந்த பதினோராம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"வெளிச்சமா ஒரு இடம் பார்த்து உட்காரக் கூடாதா?" என்று முதல் நாளே அவர் மனைவி கேட்டாள்.

"முப்பத்துமூணு வருஷம் இருட்டுல வேலை பார்த்தவன். இப்ப என்ன புதுசா வெளிச்சம்?"

அது பாதி உண்மை. மீதி உண்மை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கேதான் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் ஓடியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்த லிஃப்டை மாட்டியவரே அவர்தான். அடித்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் பெட்டி முட்டாமல் இருக்க இரண்டு பெரிய ஸ்பிரிங்குகளை நிறுத்தி வைக்கிற குழி வரைக்கும் இறங்கி, ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கியவர்.

பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தார். மற்றவர்கள் லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அமுக்குவார்கள். அவர் லிஃப்டின் தலைமேல் நின்று, இருட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார். ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டு, "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். தாங்கும். மூன்றாம் மாதம் தாங்காது. கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் சத்தம் சரியில்லை என்று மாப்பிள்ளைக் கோலத்தோடு மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறிப் போனவர் அவர். "அன்னைக்கே எங்க அப்பாவுக்குப் புரிஞ்சிருக்கணும்" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படி ஊர் மோட்டாருக்கெல்லாம் நாள் குறித்த மனிதருக்குத் தன் வயிற்றுக்குள் கேட்காமல் போன சத்தம் பெருங்குடலில் தொடங்கி, கல்லீரலுக்கும் போன பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. நான்காம் கட்டம் என்றார் டாக்டர். பன்னிரண்டு முறை கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒன்று, செவ்வாய்க்கிழமைகளில். நடுவில் ஸ்கேன். குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நோய் மருந்துக்குக் கேட்டால் நாள் கிடைக்கும் என்றார். "எத்தனை நாள்?" என்று மனைவி கேட்டாள். லிஃப்ட்காரர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தானே எத்தனை வாடிக்கையாளர்களிடம் மழுப்பியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

மருந்து வேலையைக் காட்டியது. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஊசி ஏறியது. ஸ்பானரைத் துணி சுற்றாமல் எடுக்க முடியவில்லை. சாதாரணத் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் கண்ணாடித் தூள்போல இறங்கியது, எப்போதும் வெந்நீர்தான். நாலாவது முறைக்குப் பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்து குடியேறியது. மருந்தாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம் என்றார் டாக்டர். முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட, மிச்சத்தை அவரே சிரைத்துக்கொண்டார்.

அவரோடு இருபது வருஷமாக ஜோடியாக வேலை பார்த்தவனுக்கு வழுக்கைத் தலை. மொட்டை என்றே அவர் கூப்பிடுவார். கம்பெனி முழுக்க அதுவே பேராகிவிட்டது. பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்று ஏற இறங்கப் பார்த்தான்.

"இருபது வருஷம் என்னைச் சொன்ன வாய் இருக்கே அண்ணே, அது சும்மா விடுமா?"

"டேய், என்னோடது திரும்ப வளரும்டா. உன்னோடது?"

ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றுவது போக, மீதி மருந்து ஒரு பாட்டிலில் அவர் இடுப்புப் பையில் தொங்கி, இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக, நெஞ்சில் தோலுக்கடியில் பதித்த சின்னக் குழாய் வழியாக உள்ளே இறங்கும். மொட்டை அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "கண்டக்டர் மாதிரியே இருக்கீங்க. ஒரு டிக்கெட் குடுங்க" என்றான்.

"நான் போற ஊருக்கு உனக்கு எதுக்குடா டிக்கெட்?"

மொட்டை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். கேட்டுப் பழகிய காதும் அப்படித்தான். கீமோ நாற்காலியில் ஐந்து மணி நேரம் சாய்ந்து கிடக்கையில் லிஃப்ட்காரரின் காது சுவருக்குள் போய்விடும். ஆட்கள் ஏறினால் காலடி சிதறலாகக் கேட்கும். ஸ்ட்ரெச்சர் ஏறினால் முன்சக்கரம் வாசல்படியைத் தாண்டும்போது ஒரு 'டொக்', பின்சக்கரத்துக்கு ஒரு 'டொக்'. பிறகு கதவு. பிறகு இறக்கம். அந்த அறை ஐந்தாவது மாடி. மனதுக்குள் எண்ண ஆரம்பிப்பார். பதினாறில் நின்றால் முதல் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. இருபதில் நின்றால் தரைத்தளம், ஸ்கேன். இருபத்துநான்கு வரை போனால் அடித்தளம். அங்கே பிணவறை மட்டும்தான். அழுக்குத் துணிக்கும் சமையலுக்கும் வேறு லிஃப்ட் உண்டு.

இரண்டாவது முறையிலேயே அவருக்கு அது விளங்கிவிட்டது. அந்த மாடியில் யார் போனாலும், சொந்தக்காரர்கள் அழுவதற்கு முன்னால், மற்ற பத்து நாற்காலிகளுக்கும் தெரியாமல், தனக்கு மட்டும் தெரியும். வேண்டாம் என்று காதில் பஞ்சை வைத்துப் பார்த்தார். சுவரில் சாய்ந்த முதுகு கேட்டது.

"அப்போ வேற நாற்காலிக்கு மாறியிருக்கலாமே" என்று யாராவது கேட்கலாம். கூரையில் பல்லி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்காமல் தூங்க யாரால் முடியும்?

பத்தாம் நாற்காலியில் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வருவார், தனியாகப் போவார். தலையில் ஒரு பூப்போட்ட துணி, மடியில் எப்போதும் ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம். அவருக்கும் அதே நோய், அதே கட்டம், அதே மருந்து. லிஃப்ட்காரரைவிட இரண்டு முறை முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நடு ஸ்கேனில் அவருக்குக் கட்டிகள் சுருங்கியிருந்தன. அந்தச் செய்தி கேட்ட அன்று லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டார். டீச்சருக்கு நடப்பதுதான் இரண்டு முறை கழித்துத் தனக்கு நடக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"லிஃப்ட்காரரே, என்ன வாய்ப்பாடா?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டார்.

"என்னது?"

"உதடு அசையுது. ஒண்ணு, ரெண்டு, மூணுனு. என் கிளாஸ்ல கடைசி பெஞ்சு இப்படித்தான் எண்ணும்."

"லிஃப்ட் எந்த மாடிக்குப் போகுதுன்னு பார்க்கிறேன் டீச்சர். தொழில் புத்தி."

"இப்ப எதுவரைக்கும் போச்சு?"

"இருபத்துநாலு."

"அங்க என்ன இருக்கு?"

"துணி துவைக்கிற இடம்."

டீச்சர் பென்சிலைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். "முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்க சொல்ற பொய்யைக் கேட்டுச் சம்பளம் வாங்கினவ நான். உங்களுக்குப் பொய் சொல்லவே வரல." புத்தகத்தை மடியில் நிமிர்த்தி வைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. யாருக்கு வேணா எண்ணிக்குங்க. என்னை ஏத்தினா மட்டும் எண்ணாதீங்க. சரியா?"

"சரி டீச்சர்."

"சத்தமா சொல்லுங்க."

"எண்ண மாட்டேன் டீச்சர்" என்றார் ஐம்பத்திரண்டு வயது லிஃப்ட்காரர், கையைக் கட்டிக்கொண்டு நிற்காத குறையாக.

ஆறாவது முறை வந்தபோது லிஃப்ட் சத்தத்தில் ஏதோ இழுவை இருந்தது. ஓடுகிற நதி சேற்றுக்குள் இறங்கியதுபோல. ரீங்காரத்தோடு கலந்து கேட்பதால் தன் காதுதான் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மோட்டாரைச் சந்தேகப்பட்டவர், முதல் தடவையாகத் தன்னைச் சந்தேகப்பட்டார். மருந்து ஏறி அரைத் தூக்கம். மதியம் மூன்று மணி இருக்கும். டொக், டொக். கதவு. அவர் விரும்பாமலே எண்ணிக்கை தொடங்கியது. இருபது. இருபத்துநான்கு.

நிற்கவில்லை.

இருபத்தைந்து, இருபத்தாறு. லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். எதிரே நர்ஸ் ஊசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது. அடித்தளத்துக்குக் கீழே தளம் கிடையாது. குழிதான். குழியில் இரண்டு ஸ்பிரிங். அதற்குக் கீழே அவர் கண்முன்னே ஊற்றிய காங்கிரீட். முப்பத்திரண்டு. முப்பத்தாறில் நின்றது. கதவு திறக்கும் சத்தம் மிகத் தொலைவில் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்ஸியில் மனைவியிடம், "அந்தக் குழியில நான் இறங்கியிருக்கேன். ஒரு ஆள் உயரம்தான் இருக்கும்" என்றார்.

"எந்தக் குழிங்க?"

"ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் அந்த முப்பத்தாறு அவரை விடவில்லை. பல் தேய்க்கும்போது எண்ணினார். படியிறங்கும்போது எண்ணினார். கட்டிடத்துக்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது, அதைத் தான் கட்டவில்லை, அங்கே கதவு திறக்கிறது. மருந்து மூளையைத் தின்கிறது என்று பகலில் தன்னையே திட்டிக்கொள்வார். கண்ணை மூடினால் கதவு திறக்கும்.

ஏழாவது முறை. டீச்சருக்கு மருந்து ஏற்றி ஒரு மணி நேரத்தில் குளிர் கண்டது. பல் கிட்டிக்கொண்டது. குறுக்கெழுத்துப் புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள், திரை இழுத்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது. திரை விலகியபோது டீச்சரின் முகம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்று பேர் சுற்றி நின்றார்கள்.

டொக், டொக்.

எண்ண மாட்டேன் என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மனைவியின் வளையலைப் பார்த்தார், அதில் இருந்த கோடுகளைப் பார்த்தார். கோடுகளையே எண்ணிக்கொண்டிருந்தார், லிஃப்டின் தாளத்தில். பதினாறில் நிற்கவில்லை. இருபதில் நிற்கவில்லை.

இருபத்துநான்கில் நின்றது.

எட்டாவது செவ்வாய்க்கிழமை அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி பையைத் தயாராக வைத்திருந்தாள்: வெந்நீர் பிளாஸ்க், சாக்ஸ், கையுறை. கூரியர் ஆபீஸில் பார்சல்களுக்கு எண் ஒட்டுகிற வேலை அவளுக்கு. கீமோ செவ்வாய்களில் விடுப்பு வாங்குவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"மணி ஏழரைங்க."

"போதும்."

"என்ன போதும்?"

"போதும்னா போதும். போற மோட்டாருக்கு எண்ணெய் விட்டு என்ன ஆகப்போகுது?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தாள். "அப்பா, சாப்டீங்களா?" என்று எப்போதும்போல ஆரம்பித்தவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சரி" என்றாள் மனைவி. "நீங்க வரலன்னா விடுங்க. நான் போய் அந்த நாற்காலியில உட்கார்றேன். இடமாவது காலியாகாம இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. போனாள். நர்ஸ் எவ்வளவு சொல்லியும் பதினோராம் நாற்காலியில் பையை மடியில் வைத்து மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "பக்கத்து நாற்காலியில யாரு?"

"யாரோ ஒரு ஆம்பிளை. பேப்பர் படிச்சிட்டிருந்தாரு."

அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்கைக் கழுவினாள்.

வியாழக்கிழமை மொட்டை வந்தான். மனைவிதான் வரச் சொல்லியிருக்க வேண்டும். அதை இருவரும் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கம்பெனிக் கதைகள் சொன்னான். புது மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கடவுளைக் கூப்பிட்டாராம். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை.

"உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்தான் உயிரை வாங்குது அண்ணே" என்றான் மொட்டை. "ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுல மோட்டார் பேரிங் போயிடுச்சு. புதுசு வரக் காத்திருக்கோம். அதுவரைக்கும் நிறுத்த முடியுமா? ஆஸ்பத்திரியாச்சே. வேகத்தைக் குறைச்சு ஓட்டிட்டிருக்கேன்."

லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"எப்போலேர்ந்து?"

"அஞ்சு வாரம் இருக்கும். ஏன், சத்தம் கேட்டீங்களா? நீங்க கேட்டிருப்பீங்களேனு அன்னைக்கே நினைச்சேன்."

"எவ்வளவு குறைச்ச?"

"மூணுல ஒரு பங்கு."

"அந்த லைட் பில்லை எடு. பென்சிலும்."

பில்லின் பின்பக்கத்தில் ஆறு கோடு கிழித்தார். ஒவ்வொரு மாடிக்கும் பழைய கணக்கு ஒருபுறம், புதிய கணக்கு மறுபுறம். விரல் மரத்திருந்ததால் எண்கள் பிள்ளை எழுத்துபோலக் கோணலாக விழுந்தன. அடித்தளத்துக்குப் புதிய கணக்கு முப்பத்தாறு. அந்த எண்ணைப் பார்த்ததும் பென்சில் நின்றது. அன்றைக்குப் போன லிஃப்ட் எந்தப் பாதாளத்துக்கும் போகவில்லை. எப்போதும்போல அடித்தளத்துக்குத்தான் போயிருக்கிறது, மெதுவாக. கோட்டில் மேலே ஏறினார். தரைத்தளம் முப்பது. முதல் மாடி...

"என்ன அண்ணே?"

"இருபத்துநாலு" என்றார். "தீவிர சிகிச்சைக்கு இருபத்துநாலு வருதுடா."

மொட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவிக்கும் புரியவில்லை. மூன்று மாதமாக வாய் திறக்காத கதையை அன்றைக்குத்தான் அவர் சொன்னார். கேட்டு முடித்ததும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை சிஸ்டர்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"அவங்க யாரைக் கேட்டாலும் வேற வார்டுக்கு மாத்தியாச்சுனுதான் சொல்வாங்க. மூணாம் நாற்காலியில ஒரு லாரி டிரைவர் இருந்தாரே, அவருக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அவரு போனது பழைய இருபத்துநாலு."

அதுதான் சிக்கல். முதல் மாடிக்குப் போனார் என்பதால் திரும்பி வந்தார் என்று ஆகாது. லிஃப்ட் சத்தத்தை வைத்து டீச்சரைக் கொன்றவர், அதே சத்தத்தை வைத்து உயிர் கொடுக்க முடியவில்லை. மனைவி போன் செய்து கேட்கலாமா என்றாள். வேண்டாம் என்றார். மொட்டை கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே நடந்து போனார்.

"பேரிங் எப்ப வருது?"

"அடுத்த வாரம் வந்துடும்."

"மாட்டினதும் வேகத்தை ஏத்துவ இல்ல? பழைய வேகத்துக்கு வைக்காத. கொஞ்சம் கூட்டியோ குறைச்சோ வை. எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லாத."

"அண்ணே..."

"நான் கேட்டாலும் சொல்லாத. கெஞ்சினாலும் சொல்லாத. சத்தியம் பண்ணுடா மொட்டை."

மொட்டை தன் தலைமேலேயே கையை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

அடுத்த செவ்வாய், ஒரு வாரம் தாமதமாக, எட்டாவது முறைக்குப் போனார். டாக்டர் திட்டினார். நர்ஸ் திட்டினாள். "டீச்சர்?" என்று கேட்டதற்கு, "வேற வார்டுல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஊசியை நெஞ்சில் குத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பத்தாம் நாற்காலியில் பேப்பர்க்காரர் கால்மேல் கால் போட்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருப்பதாக மனைவி காதோரம் சொன்னாள். லிஃப்ட்காரர் பதினொன்றை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்து இறங்கத் தொடங்கியது. டீச்சர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அந்த ஐந்து மணி நேரத்தையும் உட்கார்ந்து கழித்தார். இடுப்புப் பையோடு வீட்டுக்குப் போனார்.

ஒன்பதாவது முறைக்கு வந்தபோது பேப்பர்க்காரரைக் காணோம். பத்தாம் நாற்காலியின் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு சின்னத் தலை. உடம்பு பாதியாகியிருந்தது. லிஃப்ட்காரர் வழியிலேயே நின்றார்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார் டீச்சர். குரலும் பாதிதான் இருந்தது. "ரத்தத்துல கிருமி. மூணு வாரம் கீழ வெச்சிட்டாங்க. இன்னைக்கு மருந்து இல்ல, டாக்டரைப் பார்க்க வந்தேன். உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எண்ணினீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "எண்ணினேன் டீச்சர்."

"தெரியும். எதுவரைக்கும்?"

"இருபத்துநாலு."

"அப்போ நான் செத்துட்டேன்."

"ஆமா டீச்சர்."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. மனைவி ஓடிப்போய் வெந்நீரைக் கொடுத்தாள். "எத்தனை பிள்ளைங்களைக் கணக்குல ஃபெயிலாக்கியிருப்பேன். என்னையே ஒருத்தர் தப்பாக் கூட்டி அனுப்பிட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மெல்ல: "அங்க கீழ படுத்திருந்தப்போ நானும் எண்ணினேன். லிஃப்ட் ஒவ்வொரு தடவை எங்களைத் தாண்டிக் கீழ போறப்பவும்."

நர்ஸ் வந்து ஊசியை ஏற்றிவிட்டுப் போனாள்.

பதினொன்றரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் வாசல்படியைத் தாண்டியது. டொக், டொக். கதவு சாத்தியது. டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். மனைவி அவர் கையுறைக்குமேல் தன் கையை வைத்தாள்.

"பேரிங் மாத்திட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "இப்ப எந்தக் கணக்குல ஓடுதுன்னு எனக்குத் தெரியாது."

மோட்டார் சுத்தமாக ஓடியது. பேரிங்கை மொட்டை நன்றாகவே மாட்டியிருந்தான். மூன்று பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் இறங்கியது, இறங்கியது, எங்கேயோ நின்றது.